எழுதிவிட்டுத் தொடங்குங்கள்: கூட்டு வியாபாரமும் சட்ட உதவியும்





ஒரு கடை தொடங்கும்போது நாம் பலரிடம் யோசனை கேட்கிறோம். எந்தத் தெருவில் ஆள் நடமாட்டம் அதிகம், சரக்கு எங்கே மலிவு என்றெல்லாம் விசாரிக்கிறோம். திறப்பு நாளில் ஆலிமை அழைத்து துஆ ஓதுகிறோம். ஆனால் பணம் போட்ட இருவருக்கும் இடையே என்ன ஒப்பந்தம் என்று கேட்டால் மட்டும், "நமக்குள்ள என்ன எழுத்து வேண்டிக் கிடக்கு?" என்று பதில் வருகிறது. பிற்காலத்தில் அண்ணன் தம்பிக்கும், மச்சான் மாப்பிள்ளைக்கும் இடையே சலாம்கூட நின்றுபோவதற்கு இந்த ஒரு பேச்சே பல வீடுகளில் காரணமாகி விடுகிறது.

ஆகவே இன்றைய பாடத்தில், தமிழ்நாட்டில் சிறிய அளவில் கூட்டு வியாபாரம் தொடங்கும் ஒருவர் எதை எழுத வேண்டும், சட்ட உதவி எங்கே கிடைக்கும், பணம் சிக்கிக்கொண்டால் என்ன வழி என்பவற்றைப் பார்ப்போம்.

எழுதுவது அவநம்பிக்கையா?

திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282வது வசனம். அது தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ பேசவில்லை. கொடுக்கல் வாங்கலைப் பற்றிப் பேசுகிறது. தவணை குறித்த கடனை எழுதிக்கொள்ளச் சொல்கிறது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும். கொடுக்க வேண்டிய கடமை உள்ளவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும். சாட்சிகள் இருக்க வேண்டும். தொகை சிறிதாக இருந்தாலும் எழுதுவதில் சோர்வு கூடாது என்று ஒவ்வொன்றாக வழிகாட்டுகிறது. எழுதுவது கட்டாயக் கடமை அல்ல, விரும்பத்தக்கது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ஆனாலும் சந்தேகம் வராமல் இருப்பதற்கு இதுவே நெருக்கமான வழி என்று அந்த வசனமே காரணமும் சொல்லிவிடுகிறது.

நபி (ஸல்) அவர்கள் அல்அத்தா பின் காலித் (ரழி) அவர்களோடு செய்த ஒரு விற்பனையை எழுத்தில் பதிய வைத்தார்கள் என்ற செய்தி திர்மிதியிலும் இப்னுமாஜாவிலும் உள்ளது. அந்த ஸஹாபிக்கு நபியவர்கள் மீது நம்பிக்கை இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? எழுத்து என்பது நம்பிக்கை இருக்கும்போதே செய்து வைக்க வேண்டிய காரியம். நம்பிக்கை போன பிறகு எழுத உட்கார்ந்தால் கை வராது.

நாம் எழுதாவிட்டால் சட்டம் எழுதிவிடும்

பலர் நினைப்பது போல, எழுதாத கூட்டு வியாபாரத்துக்குச் சட்டத்தில் விதியே இல்லை என்பது தவறு. விதி இருக்கிறது. நாம் நினைத்த விதியாக அது இருக்காது. இதைத்தான் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 1932ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. வாய்மொழியாகச் செய்த ஒப்பந்தத்தையும் அது ஏற்கும். ஆனால் பேசியது இன்னது என்று நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாதபோது அதன் 13வது பிரிவு வந்து நிற்கும். அது சொல்வது:

1. லாபம் எல்லாருக்கும் சமம். நஷ்டமும் சமம்.
2. கடையில் உழைத்ததற்காக எந்தக் கூட்டாளிக்கும் தனிச் சம்பளம் இல்லை.
3. ஒப்புக்கொண்ட முதலுக்கு மேல் ஒருவர் வியாபாரத்துக்காகப் பணம் கொடுத்தால், அந்தப் பணத்துக்கு ஆண்டுக்கு 6 சதவீதம் வட்டி உண்டு.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவர் 8 லட்சம் போடுகிறார். மற்றவர் 2 லட்சம் போட்டுக் கடையையும் கவனித்துக்கொள்கிறார். இரண்டு வருடத்தில் 3 லட்சம் நஷ்டம். ஷரீஅத்தின் சட்டப்படி நஷ்டம் முதலின் விகிதத்தில்தான் பிரியும். இதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே முதலாமவர் மீது 2 லட்சத்து 40 ஆயிரமும், இரண்டாமவர் மீது 60 ஆயிரமும் விழும். எழுத்தும் இல்லை, வேறு ஆதாரமும் இல்லை என்றால், 13வது பிரிவின்படி ஆளுக்கு 1 லட்சத்து 50 ஆயிரம். குறைந்த முதல் போட்டு, சம்பளமும் வாங்காமல் உழைத்தவர் தலையில் 90 ஆயிரம் கூடுதலாக ஏறுகிறது.

மூன்றாவது விதியைப் பாருங்கள். வட்டிக்குப் பயந்து வங்கிக் கடனே வேண்டாம் என்று தொடங்கிய வியாபாரம் அது. நடுவில் சரக்கு வாங்கக் கூட்டாளி கைப்பணம் ஒரு லட்சம் கொடுக்கிறார். "வட்டி கிடையாது" என்று எழுதி வைக்காததால், வழக்கு என்று வந்தால் அங்கே வட்டி நுழைந்துவிடுகிறது. இந்தப் பிரிவின் விதிகள் எல்லாமே, கூட்டாளிகள் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரையில்தான் பொருந்தும். அதாவது ஹலாலான நிபந்தனைகளை எழுதிக்கொள்ளும் வாசலை நாட்டுச் சட்டமே திறந்து வைத்திருக்கிறது. நாம்தான் அதற்குள் நுழைவதில்லை.

கொடுத்த பணத்துக்கு என்ன பெயர்?

நம் ஊர்களில் அடிக்கடி நடப்பது இது. வளைகுடாவில் இருக்கும் ஒருவர், ஊரில் உள்ள மச்சானுக்குக் கடை வைக்கப் பணம் அனுப்புகிறார். அது கடனா? கூட்டு முதலா? அன்பளிப்பா? இருவரும் பேசிக்கொள்வதில்லை. கடை நன்றாக ஓடினால், "நான் போட்ட முதல்" என்பார் அனுப்பியவர். "நீங்கள் தந்த கடன்" என்பார் வாங்கியவர். கடை மூழ்கினால் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். அனுப்பியவர் கடன் என்பார், வாங்கியவர் முதல் என்பார்.

மார்க்கத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம் உண்டு. கடன் என்றால் அசலைத் திருப்பித் தர வேண்டும், லாபத்தில் பங்கு கேட்க முடியாது. ஒருவர் பணமும் மற்றவர் உழைப்பும் தருவது முழாரபா. அதில் லாபத்தைச் சதவீதமாகப் பேசிக்கொள்ள வேண்டும். "மாதம் 10 ஆயிரம் தந்துவிடு" என்று தொகையை நிர்ணயிப்பது கூடாது. உழைப்பவரின் கவனக்குறைவோ மோசடியோ இல்லாமல் நஷ்டம் வந்தால் அது பணம் போட்டவருடையது. உழைத்தவருக்கு அவர் உழைப்பு வீணாகிறது. இருவரும் முதல் போடுவது முஷாரகா. இதில் லாபத்தை எப்படிப் பிரிப்பது என்பதில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு இருக்கிறது. ஹனஃபி மத்ஹபில் முதலின் அளவுக்கு மாறாகவும் பேசிக்கொள்ளலாம். ஷாஃபிஈ மத்ஹபில் முதலின் விகிதப்படியே பிரிக்க வேண்டும். ஆகவே பத்திரம் எழுதும் முன் வக்கீலிடம் போவது போலவே, உங்கள் ஊர் ஆலிமிடமும் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

பத்திரத்தில் இருக்க வேண்டியவை

- யார் எவ்வளவு முதல் போட்டார், எந்தத் தேதியில், எந்த வழியில். வங்கி வழியாகப் போடுவதே ஆதாரத்துக்கு நல்லது.
- லாபம் எந்தச் சதவீதத்தில், நஷ்டம் எந்த விகிதத்தில்.
- கடையைக் கவனிப்பவருக்கு என்ன ஏற்பாடு. சம்பளம் கொடுக்கலாமா, அல்லது லாபப் பங்கைக் கூட்ட வேண்டுமா என்பதை ஆலிமிடம் கேட்டு எழுதுங்கள்.
- முதலுக்கோ, கூடுதலாகத் தரும் பணத்துக்கோ வட்டி இல்லை என்ற தெளிவான வாசகம்.
- கணக்கை யார் எழுதுவது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எல்லாரும் பார்ப்பது, வங்கிக் கணக்கில் யார் கையெழுத்து.
- ஒருவர் விலக விரும்பினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, சரக்கை எப்படி மதிப்பிடுவது, பங்கை எத்தனை தவணையில் தருவது.
- ஒருவர் மௌத்தானால் என்ன செய்வது.
- தகராறு வந்தால் முதலில் யாரிடம் சமரசத்துக்குப் போவது.

வட்டி பற்றி ஓர் எச்சரிக்கை. கூட்டாண்மைப் பத்திரங்களுக்கு வழக்கமான ஒரு மாதிரி வாசகம் உண்டு. முதலுக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்ற வரி அதில் பெரும்பாலும் இருக்கும். வருமான வரிக் கணக்கில் அதுவரை செலவாகக் காட்ட அனுமதி இருப்பதால் ஆடிட்டர்கள் அதைச் சேர்ப்பது வழக்கம். அவர்கள் நமக்குத் தீங்கு நினைத்துச் செய்வதில்லை. நாம் சொல்லாததால் அவர்களுக்குத் தெரிவதில்லை. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, நம் வியாபாரத்தில் வட்டி இல்லை என்று நாமே சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். வேண்டாத வரியை நீக்கச் சொல்வது உங்கள் உரிமை.

மௌத்து பற்றியும் சொல்லியாக வேண்டும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஒரு கூட்டாளி இறந்ததும் கூட்டாண்மை கலைந்துவிடும் என்கிறது 42வது பிரிவு. இரண்டே பேர் உள்ள கூட்டாண்மை என்றால், ஒப்பந்தம் இருந்தாலும் அது தொடர முடியாது. ஒருவர் மட்டும் இருந்து கூட்டாண்மை இல்லை. அந்த நேரத்தில் கடையில் உள்ள அவர் பங்கு, அவருடைய மனைவி, மக்கள், பெற்றோர் ஆகிய வாரிசுகளின் சொத்து. கணக்கே இல்லாத கடையில், இத்தா இருக்கும் ஒரு பெண் யாரிடம் போய்த் தன் பங்கைக் கேட்பாள்? அநாதைகளின் சொத்தை உண்பது பற்றிய கடும் எச்சரிக்கையை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். கணக்கு எழுதாமல் விடுவது அந்தப் பாவத்தின் ஓரத்துக்கு நம்மைக் கொண்டுபோய் விட்டுவிடும்.

பத்திரம் எழுதினால் போதுமா?

போதாது. பதிவு செய்ய வேண்டும். கூட்டாண்மையைப் பதிவு செய்வது கட்டாயம் இல்லை என்பது உண்மை. ஆனால் 69வது பிரிவைப் பாருங்கள். பதிவு செய்யாத கூட்டாண்மை, ஒப்பந்தப்படி தனக்கு வர வேண்டிய பணத்துக்காக வெளியாள் மீது வழக்குப் போட முடியாது. கூட்டாளி ஒருவர், பத்திரத்தில் உள்ள உரிமையைக் கேட்டு மற்றவர் மீதும் வழக்குப் போட முடியாது. கூட்டைக் கலைக்கவும், கலைந்த பின் கணக்குக் கேட்கவும் மட்டும் வழி உண்டு. ஆனால் வெளியாட்கள் நம் மீது வழக்குப் போட எந்தத் தடையும் இல்லை. தமிழ்நாட்டில் பதிவுத் துறையின் மாவட்டப் பதிவாளர் அலுவலகம் வழியாக இந்தப் பதிவு நடக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கூட்டாண்மையின் கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் தனித்தனியாகவும் சேர்ந்தும் முழுப் பொறுப்பு. உங்கள் பங்கு 20 சதவீதம்தான் என்பது வெளிக் கடன்காரருக்குப் பொருட்டல்ல. முழுக் கடனையும் உங்கள் ஒருவரிடமே கேட்கலாம், உங்கள் வீட்டின் மீதும் கை வைக்கலாம். இந்தப் பொறுப்பை முதலின் அளவோடு நிறுத்த விரும்புவோருக்காக, 2008ஆம் ஆண்டின் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மைச் சட்டம் இருக்கிறது. அதற்கு ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்யும் செலவு உண்டு. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதுதான் வக்கீலிடமோ ஆடிட்டரிடமோ கேட்க வேண்டிய முதல் கேள்வி.

உதவி எங்கே கிடைக்கும்?

முதலில் மாவட்டத் தொழில் மையம். தொழில் தொடங்கத் தேவையான உரிமங்கள், மானியத் திட்டங்கள் பற்றி அங்கே கேட்கலாம். உத்யம் பதிவை 2020 ஜூலை 1 முதல் இணையத்தில் நாமே செய்துகொள்ளலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் அது இடைத்தரகரின் கூலி, அரசாங்கக் கட்டணம் அல்ல. வீட்டில் ஊறுகாயோ பலகாரமோ செய்து விற்கும் சகோதரிகளுக்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவு தேவை என்பதை மறந்துவிடாதீர்கள். கடையை வாடகைக்கு எடுப்பவர்கள், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2019 பிப்ரவரி முதல் தமிழ்நாட்டில் இதுதான் சட்டம்.

அடுத்து, வக்கீல் கட்டணம் கொடுக்க வசதி இல்லாதவர்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், தாலுகா அளவில் வட்டச் சட்டப் பணிகள் குழுவும் இயங்குகின்றன. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு அரசு நிர்ணயித்த வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தும் ஆலோசனை கேட்கலாம். தையல் கடை வைத்திருக்கும் ஒரு விதவைச் சகோதரி, "என்னிடம் வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை" என்று தன் உரிமையை விட்டுவிட வேண்டிய தேவை இல்லை. இந்தச் செய்தியை நம் வீட்டுப் பெண்களுக்குக் கொண்டுபோய்ச் சேருங்கள்.

பணம் வராமல் நின்றால்

வசதி உள்ளவர் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்று நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. நாட்டுச் சட்டமும் சிறு தொழில்காரர் பக்கம் நிற்கிறது. ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஒருவர் சிறிய பட்டறை வைத்து, பெரிய நிறுவனத்துக்குத் தோல் பொருள் தைத்துக் கொடுக்கிறார் என்று வையுங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் என்ன தவணை பேசியிருந்தாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. தவணை பேசவில்லை என்றால் 15 நாள். தாண்டினால் வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். சென்னை, திருச்சி, மதுரை, கோவை ஆகிய இடங்களில் அவை உள்ளன. இதற்கு உத்யம் பதிவு வேண்டும். வேலை ஒப்புக்கொள்ளும் முன்பே அதைச் செய்து வைப்பதுதான் பாதுகாப்பு. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு இருந்தாலும் இந்த 45 நாள் பாதுகாப்பு கிடைக்காது.

தாமதத்துக்கு இந்தச் சட்டம் கூட்டு வட்டியும் சேர்த்துத் தரச் சொல்கிறது. அசல் நம் உரிமை. அதைத் தயங்காமல் கேட்கலாம். மேலே வரும் தொகையை என்ன செய்வது என்று ஆலிம்களிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

செக் திரும்பி வந்தால் நாட்களை எண்ணத் தொடங்குங்கள். வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தராவிட்டால், அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் தர வேண்டும். "நாளைக்குத் தர்றேன் பாய்" என்ற பேச்சை நம்பி இந்த நாட்களைத் தவறவிட்டவர்கள் அநேகர்.

சாதாரணக் கடன் பாக்கிக்கு வழக்குப் போட 3 ஆண்டு காலக்கெடு. அதற்குள் கடன் வாங்கியவர் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும். கடன் கொடுத்தவருக்கு இது பாதுகாப்பு. கடன் வாங்கியவருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. 3 ஆண்டு கடந்ததும் நீதிமன்றத்தின் கதவு மூடலாம். ஆனால் கழுத்தில் உள்ள கடன் இறங்கிவிடுவதில்லை. சட்டத்தில் காலாவதியான பாக்கியும் மறுமையில் நிலுவையாகவே இருக்கும்.

வழக்குக்கு முன் சமரசம்

பிணக்கு முற்றும் முன் லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தை நாடலாம். வழக்குப் போடாமலே அங்கே மனுக் கொடுக்க முடியும். நீதிமன்றக் கட்டணம் இல்லை. இருவரும் சம்மதித்து முடித்துக்கொண்டால், அது சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம்; மேல்முறையீடு கிடையாது. கூட்டாண்மை ஒப்பந்தம் போன்ற வணிகத் தகராறு 3 லட்சமோ அதற்கு மேலோ என்றால், அவசரத் தடையுத்தரவு தேவைப்படும் வழக்கைத் தவிர, முதலில் சமரசப் பேச்சுக்குப் போன பிறகே வழக்குத் தொடுக்க முடியும் என்பது 2018 முதல் சட்டம்.

ஜமாஅத்தில் பேசி முடிப்பவர்களும் முடித்ததை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, சாட்சிகளோடு வைத்துக்கொள்ளுங்கள். பேசி முடித்த சமரசத்துக்கே மறுபடி சமரசம் பேசும் நிலை வர வேண்டாம்.

நாம் நினைவில் வைக்க வேண்டியது

சட்டம் தெரிந்தவருக்கு ஒரு சோதனையும் உண்டு. பத்திரம் நம் கையில் இருக்கும், எதிராளியிடம் இருக்காது. நமக்கு நல்ல வக்கீல் இருப்பார், அவருக்கு இருக்க மாட்டார். தம்மிடம் வழக்குக் கொண்டு வருபவர்களில் ஒருவர் மற்றவரை விட வாதத் திறமை மிக்கவராக இருக்கலாம், தாம் கேட்டதை வைத்தே தீர்ப்பளிப்பதாகவும், அப்படி ஒருவருக்கு அவர் சகோதரரின் உரிமை கிடைத்துவிட்டால் அது நரக நெருப்பின் ஒரு துண்டு என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். உம்மு ஸலமா (ரழி) அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. தீர்ப்பளிப்பவர் நபியாக இருந்தபோதே இந்த நிலை என்றால், நம் கால வழக்குகளில் வெல்பவர் எவ்வளவு அஞ்ச வேண்டும்!

நபியவர்கள் நபித்துவத்துக்கு முன் ஸாயிப் (ரழி) அவர்களோடு கூட்டு வியாபாரம் செய்தார்கள். ஆண்டுகள் கடந்து சந்தித்தபோதும், ஏமாற்றாத, வீண் சண்டை போடாத நல்ல கூட்டாளி என்றே நபியவர்களை ஸாயிப் அவர்கள் நினைவுகூர்ந்தார் என்று அபூதாவூதில் வருகிறது. கூட்டு முடிந்த பிறகு நம் கூட்டாளி நம்மைப் பற்றி என்ன சொல்வார் என்று ஒவ்வொருவரும் யோசித்துப் பார்ப்போம்.

ஏற்கெனவே எழுதாமல் வியாபாரம் நடத்திக்கொண்டிருப்பவர்களே, இன்னும் காலம் தாழ்ந்துவிடவில்லை. இந்த வாரம் கூட்டாளியோடு உட்காருங்கள். இன்று கையிருப்பு என்ன, பாக்கி என்ன, யார் பங்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஆலிமிடமும் வக்கீலிடமும் போங்கள். சந்தோஷமாக இருக்கும்போது இந்த வேலை ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும்.

வல்ல ரஹ்மான் நம் வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக! ஹலாலானதைக் கொண்டு நமக்குப் போதுமாக்குவானாக! பிறர் உரிமை நம் கழுத்தில் இல்லாத நிலையில் நம்மைச் சந்திக்க வைப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.